ஆர்டன்வேலிக்கு வந்த புதுக் கோச்சு

1

இந்தக் கதை எனக்குத் தவறுதலாகத்தான் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு அரியலூரில் வேலை. சனிக்கிழமை மதியம் ஊருக்குக் கிளம்பிப் போய், ஞாயிறு மாலை பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்குவேன். ரயிலடிக்கு எதிரே நல்லுசாமியின் டீக்கடை. அறைக்குப் போய் என்ன செய்யப்போகிறோம் என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். 1981இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் யாரோ ஒருவரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பழைய ஆளுங்க அத்தனை பேரையும் வூட்டுக்கு அனுப்பிட்டான். இப்பப் பொடியன்களக் கொண்டாந்து முன்னால நிறுத்துறான். எலும்பு முறிஞ்சா யாரு பதில் சொல்றது?"

"பழைய ஆளுங்க இருந்து மட்டும் என்னத்தக் கிழிச்சாங்க? அடியிலேருந்து கட்டிக்கிட்டு வராரு மனுசன். நாளாகும்ல?"

ஏதோ தொழிற்சங்கத் தலைவரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எழுந்து போன பிறகு நல்லுசாமியிடம் கேட்டேன்.

"சிலோன்ல ஒரு டீமு இருக்காம் சார். ரகர் டீமு. தோத்துக்கிட்டே இருக்காம். அதுக்குப் புதுசா ஒரு கோச்சு வந்துருக்காராம். அவரு சரியில்லன்னு இவரு, சரிதான்னு அவரு" என்றார் நல்லுசாமி. பிறகு பால் சட்டியைக் கிண்டிக்கொண்டே சொன்னார்: "இதுல என்னன்னா, ரெண்டு பேருமே அந்த ஆளப் பாத்தது இல்ல."

பார்த்தேயிராத ஒருவருக்காகக் கடல் தாண்டி இரண்டு பேர் இப்படி அடித்துக்கொள்வார்களா? அன்று இரவே எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்க மூன்று வருடம் ஆயிற்று. காரணம் சோம்பல் மட்டுமல்ல. கதை நடந்து முடியவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"தேயிலைச் சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே மைதானத்தில் வெள்ளைக்காரத் துரைமார்கள்..."

(நிறுத்திவிட்டேன். நான் அந்த மலையைப் பார்த்ததில்லை. பனி எப்படி இறங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?)

இரண்டாவது தொடக்கம்:

"ரக்பி என்பது இரு பக்கமும் பதினைந்து பேர் கொண்டு ஆடப்படும்..."

(இதுவும் வேண்டாம். பள்ளிக்கூடப் பாடம் போல இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: பந்து முட்டை வடிவம். அதைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கூட்டாளிக்குக் கொடுப்பதென்றால் பின்பக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். இதை முதல்முறை கேட்டபோது நல்லுசாமி, "முன்னால போவணும், பின்னால குடுக்கணும். கவர்மெண்டு ஆபீஸ் கணக்கால்ல இருக்கு" என்றாராம்.)

மூன்றாவது தொடக்கத்தைத்தான் வைத்துக்கொண்டேன். நடந்ததை நடந்தபடி சொல்வது.

பெஞ்சில் அந்தக் கோச்சைத் திட்டியவர் ராசாங்கம். அவர் பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஆர்டன்வேலி என்ற தேயிலைத் தோட்டத்தில். அவருடைய தாத்தா பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்குப் போனவர். ராசாங்கம் தோட்டத்துத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். சனிக்கிழமை மத்தியானங்களில் கீழே கிளப் மைதானத்தில் துரைமார்கள் ரகர் ஆடுவார்கள். ரக்பிக்கு அங்கே ரகர் என்றுதான் பெயர். தொழிலாளிகள் மைதானத்துக்குள் போக முடியாது. மேலே தேயிலைச் சரிவில் உட்கார்ந்து பார்க்கலாம். அதை யாரும் தடுக்கவில்லை. ராசாங்கம் சிறுவயதிலிருந்து அங்கே உட்கார்ந்து பார்த்தார். பிறகு தம்பி பழனிவேலைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு பார்த்தார். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டார்கள். பன்னிரண்டு வயது இளைய தம்பியை வளர்த்தவர் அவர்தான்.

பிறகு இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. ராசாங்கத்துக்கும் மனைவி ஜெகதாம்பாளுக்கும் இந்தியப் பிரஜாவுரிமை வந்தது. பழனிவேலுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது. ஒரே வயிற்றில் பிறந்த இருவர் இரண்டு தேசத்துக்காரர்கள் ஆனார்கள். 1974இல் ராசாங்கம் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். பெரம்பலூரில் சின்ன வெங்காய மண்டியில் மூட்டை எடை போடும் வேலை கிடைத்தது. ஊரில் எல்லோரும் அவரைச் 'சிலோன்காரர்' என்றார்கள். மலையில் இருந்தவரைக்கும் அவரை 'இந்தியாக்காரன்' என்றிருந்தார்கள்.

பெஞ்சில் அவரோடு மல்லுக்கு நின்ற வைத்திலிங்கத்தை அவர் முதலில் சந்தித்தது அரியலூர் ரயிலடியில். மண்டியிலிருந்து மூட்டை ஏற்ற வந்த இடத்தில், ஒரு ஆள் இன்னொருவனை, "ரகர்ல முட்டுறவன் கணக்கா வந்து முட்டுறியே, கண்ணு இல்லியா?" என்று திட்டுவது காதில் விழுந்தது. ராசாங்கம் மூட்டையை அப்படியே இறக்கிவைத்தார்.

"அண்ணே, நீங்க எந்தத் தோட்டம்?"

அடுத்த மலைதான். அவரும் கப்பலில் வந்தவர், சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. அவரும் ஆர்டன்வேலி கிளப்பின் ஆள். இரண்டு பேரும் ஒரே சரிவில் எத்தனையோ சனிக்கிழமைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரையொருவர் அங்கே தெரியாது. அரியலூரில்தான் தெரிந்தது.

3

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் ராசாங்கம் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறிவிடுவார். நல்லுசாமி கடையில் இலங்கை வானொலிதான் எப்போதும் பாடும். ரகர் ஆடும் மாதங்களில், ஞாயிறு சாயங்காலம் ஆங்கிலத்தில் விளையாட்டுச் செய்தி படிப்பார்கள். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரியாது. வேகமாகப் போகும் அந்தப் பேச்சில் கிளப்புகளின் பெயரையும் எண்களையும் மட்டும் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான், இரண்டு பெயர், இரண்டு எண். மிச்சத்தை அவர்களே ஆடிக்கொள்வார்கள்.

கடைக்கு வரும் மற்றவர்கள் பாட்டு கேட்டுச் சத்தம் போடுவார்கள். "செத்த இருங்கய்யா, இவங்க டீமு தோக்குற நேரம்" என்று நல்லுசாமி அடக்குவார்.

உண்மையில் தோற்கும் நேரம்தான். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிவிட்டார்கள். கிளப்பில் மிச்சமிருந்தவர்கள் வயதான சில உத்தியோகஸ்தர்கள். ஒவ்வொரு வாரமும் முப்பதுக்கு மூன்று, நாற்பதுக்குச் சைபர். 1980இல் பழனிவேலின் கடிதத்தில் இரண்டு வரி இருந்தது: கிளப்புக்குப் புதுக் கோச்சு வந்திருக்கிறார். பெயர் அபேரத்ன. பஜார்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார், சிங்களவர். பெரியவர்களை எல்லாம் நிறுத்திவிட்டு, லயத்துப் பையன்களையும் பஜார்ப் பையன்களையும் சேர்க்கிறார்.

(லயம் என்றால் தோட்டத் தொழிலாளிகள் வசிக்கும் வரிசை வீடுகள். ஒரு கூரை, ஒரு சுவர், பத்துக் குடும்பம்.)

வைத்திலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்மள உள்ள வுட்டதே இல்லியே ராசாங்கம். மேட்டுல உக்காந்துல்ல பாத்தோம். இப்ப நம்ம பசங்க உள்ள எறங்கி ஆடுறானுங்க."

"எறக்குறது யாருண்ணே? ஜெயிக்கிற டீமா இருந்தா எறக்குவானா? அடி வாங்க ஆள் வேணும். லயத்துப் பய கெடைச்சான்."

"அப்புடிச் சொல்லாத."

"பின்ன எப்புடிச் சொல்றது? ஆட்டம் தெரிஞ்ச ஆளா அவன்? வாத்தியாரு. கணக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லு."

ஒவ்வொரு வாரமும் இந்தச் சண்டை. நல்லுசாமி பழைய சடுகுடு ஆட்டக்காரர். தா.பழூர் வரைக்கும் போய் ஆடிவிட்டு வந்தவர். ரகர் பந்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நாள் டீ ஆற்றிக்கொண்டே தன் கட்சியைச் சொல்லிவிட்டார்: "ஜெயிக்கிற டீமுக்கு வர ஆயிரம் பேரு இருப்பாங்க. தோக்குற டீமுக்கு ஒருத்தன் வர்றான்னா, ஒண்ணு கிறுக்கனா இருக்கணும், இல்ல நல்லவனா இருக்கணும்."

"கிறுக்கன்தான்" என்றார் ராசாங்கம்.

4

இங்கே நான் கொஞ்சம் தயங்குகிறேன். ராசாங்கத்தை உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அடுத்து நடந்ததை எழுதினால் பிடிக்குமா என்று தெரியவில்லை. இந்தப் பகுதியை எடுத்துவிட்டு ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். கதை நொண்டியது. அதனால் திரும்பவும் சேர்த்திருக்கிறேன்.

1981 ஜூனில் பழனிவேல் அணியில் சேர்ந்தான். அண்ணனிடம் கேட்கவில்லை, சேர்ந்த பிறகு எழுதினான். முன்வரிசை. அதாவது இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்களே, அதில் முதல் வரிசை. ராசாங்கம் உடனே, ஆடாதே என்று பதில் எழுதினார். அது போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே முதல் ஆட்டத்தில் பழனிவேலுக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது.

அந்தச் செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் அவர்களை முதலில் பார்த்தது. அன்று ராசாங்கம் என்ன பேசினார் என்று முழுதாக எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

"தமிழ்ப் பசங்கள முன்னால நிறுத்தி, அவன் ஆளுங்கள பின்னால வெச்சுக்கிறான். இதுக்கு என்னண்ணே அர்த்தம்? எழுபத்தேழுல லயத்துக்கு வந்து நெருப்பு வெச்சானுங்களே, அதுல இவன் சொந்தக்காரன் இருந்தானா இல்லியா, யாருக்குத் தெரியும்?"

எழுபத்தேழு கலவரத்தில் வைத்திலிங்கத்தின் மாமனார் குடும்பம் வெறும் கையோடு கப்பலில் வந்து இறங்கியது.

ராசாங்கம் அதோடு நிற்கவில்லை. வைத்திலிங்கத்தின் உறவுக்காரர் ஒருவர் கப்பலில் திரும்பிப் போனார். அவரிடம் வாய்மொழியாகச் சொல்லியனுப்பினார்: "அந்த அபேரத்னகிட்ட நேராப் போயிச் சொல்லுங்க. என் தம்பிய வுட்டுடச் சொல்லுங்க. அவன் சாவறதுக்குன்னு நான் வளக்கல."

(இந்த வரியை நான் மென்மையாக்கிப் பார்த்தேன். 'கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்' என்று. ராசாங்கம் அப்படிச் சொல்லவில்லை.)

பதில் வரவில்லை. அடுத்த வருடம் எலும்பு கூடியதும் பழனிவேல் மறுபடி இறங்கினான். தோற்றார்கள். அதற்கடுத்த வருடமும் தோற்றார்கள். ராசாங்கமும் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பஸ் பிடித்து வந்து அபேரத்னவை வேலையிலிருந்து நீக்கிவிட்டுத்தான் ஊருக்குப் போவார்.

5

ஒரே ஒரு சந்தோஷமான ஞாயிறு. 1983 ஜூன்.

வானொலியில் ஆர்டன்வேலி என்றார்கள், ஒன்பது என்றார்கள். எதிரணியின் பெயருக்குப் பிறகும் ஒன்பது என்றார்கள். தப்பாகக் காதில் விழுந்தது என்று இருவரும் நினைத்தார்கள். நல்லுசாமி சத்தியம் செய்தார், அவர் காதிலும் ஒன்பதுதான் விழுந்தது.

"அப்ப தோக்கலியா?" என்றார் வைத்திலிங்கம்.

"ஜெயிக்கவும் இல்ல" என்றார் ராசாங்கம். ஆனால் வாய் தானாகச் சிரித்தது. அதை மறைக்க டம்ளரைத் தூக்கிக்கொண்டார். டம்ளரில் டீ இல்லை.

நல்லுசாமி கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பொட்டலம் பிரித்து மிக்சர் கொடுத்தார். எதற்கு என்று வாங்கியவர்களுக்குத் தெரியாது. சமன் என்று ஒரு முடிவு இருப்பதே சடுகுடுக்காரருக்குப் பெரிய ஆறுதலாக இருந்ததாம்.

6

அடுத்த மாதக் கடைசியில் இலங்கையில் கலவரம் தொடங்கியது. கொழும்பில் பற்றிய நெருப்பு இரண்டு மூன்று நாளில் மலைக்கு ஏறிவிட்டது.

அந்த ஞாயிறு ரகர் முடிவு படிக்கவில்லை. வானொலியில் ஊரடங்கு அறிவிப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ராசாங்கம் பெஞ்சில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டார். வைத்திலிங்கம், "வருவான் ராசாங்கம், தப்பிச்சிருப்பான்" என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ராசாங்கம் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் யாரோடும் சண்டை போடவில்லை.

பெரம்பலூரில் ஜெகதாம்பாள் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பழனிவேலை அவளும்தான் தலைசீவி வளர்த்திருந்தாள். "இங்க குந்தியிருந்து என்னங்க ஆவப்போவுது? மண்டபத்துக்குப் போயிப் பாத்துட்டு வாங்க. கப்பல்ல வர்றவங்கள அங்கதான வெக்கிறாங்க" என்றாள்.

ராசாங்கமும் வைத்திலிங்கமும் மண்டபம் முகாமுக்குப் போனார்கள். வந்து இறங்கிய ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். ஆர்டன்வேலி லயம் எரிந்துவிட்டது என்று ஒரு கிழவர் சொன்னார். ஆட்கள்? அதை அவர் பார்க்கவில்லை. முகாம் வாசலில் ராசாங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். வைத்திலிங்கம்தான் கையைப் பிடித்துத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினார். வழியெல்லாம் ராசாங்கம் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்.

"அவன் ஆடாம இருந்திருந்தா அப்பவே கெளம்பி வந்திருப்பான்ணே. அந்தப் பந்துதான் அவன அங்க புடிச்சு வெச்சுடுச்சு."

அதற்கும் காரணம் அபேரத்னதான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

7

செப்டம்பரில் ஒரு நண்பகல், ராசாங்கம் மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாசல் வெளிச்சத்தில் ஒருவன் வந்து நின்றான். பக்கத்தில் ஒரு பெண், அவள் இடுப்பில் குழந்தை. ராசாங்கத்துக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் விட்டுவந்த தம்பிக்குப் பதினேழு வயது, மெலிந்த உடம்பு. இவனுக்கு ரகர்க்காரனின் கழுத்து.

"அண்ணே" என்றான்.

(இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கட்டிப்பிடித்தது, அழுதது. எடுத்துவிட்டேன். உங்களுக்கும் அண்ணன் தம்பி இருப்பார்கள். நான் எழுதி என்ன?)

வீட்டில் சோறு போட்டு, குழந்தை தூங்கி, பழனிவேலின் மனைவி மலர்க்கொடி முகம் கழுவி வந்து உட்கார்ந்த பிறகுதான் நடந்ததைச் சொன்னான். நான் அதை முதலில் இப்படி எழுதினேன்:

"கலகக்காரர்கள் மண்ணெண்ணெய் டின்களோடு வந்தபோது, அபேரத்னவும் அவருடைய ஆட்டக்காரர்களும் கிளப் வாசலில் தோளோடு தோள் கோத்துச் சுவராக நின்றார்கள்."

நல்ல வாக்கியம். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிடித்ததாலேயே சந்தேகம் வந்து, பழனிவேலைத் தேடிப் போய் வாசித்துக் காட்டினேன். அவன் தலையை ஆட்டினான்.

"இல்ல சார். அப்புடியெல்லாம் நிக்கல. நின்னிருந்தா அடிச்சிருப்பானுங்க."

நடந்தது இதுதான். மலையடிவாரத்தில் கடைகள் எரியத் தொடங்கியதும், அபேரத்ன லயத்துக்கு ஆள் அனுப்பினார்: இன்றைக்குப் பயிற்சி இருக்கிறது, எல்லோரும் வர வேண்டும், வீட்டில் இருப்பவர்களையும் கூட்டி வர வேண்டும். அது பயிற்சி நாள் அல்ல. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. லயத்துப் பையன்கள் ஆறு பேரும் குடும்பத்தோடு வந்தார்கள். அவர்களைக் கிளப்பின் உடைமாற்றும் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். மற்ற பையன்கள், சிங்களவர்களும் முஸ்லிம்களும், வெளியே வாசற்படியில் உட்கார்ந்தார்கள். அபேரத்ன அவர்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று: பூட்ஸ் கயிறு கட்டுங்கள். மெதுவாகக் கட்டுங்கள்.

கூட்டம் வந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் பஜார்க்காரர்கள், தெரிந்த முகங்கள். வாசற்படியில் பையன்கள் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். உள்ளே யார் என்று கூட்டத்தில் முன்னால் நின்றவன் கேட்டான். என் டீம் என்றார் அபேரத்ன.

"டீம் இங்கே வெளியில் இருக்கிறதே."

"ரகருக்குப் பதினைந்து பேர். எண்ணிப் பார், இங்கே ஒன்பதுதான் இருக்கிறது."

உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து பழனிவேல் இதைக் கேட்டான். மலர்க்கொடி குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கல் வந்து விழும் சத்தம். அது அபேரத்னவின் காதோரம் பட்டது. அவர் உட்கார்ந்தார், ஆனால் வாசலை விட்டு நகரவில்லை. படியில் இருந்த பையன்களில் ஒருவன் நிமிர்ந்து, கூட்டத்தில் இருந்த தன் சித்தப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வீட்டுக்குப் போங்கள்" என்றான். அவர் போனார். அவர் போனதும் இன்னும் சிலர் போனார்கள். மற்றவர்கள் லயத்தைக் கொளுத்தப் போய்விட்டார்கள்.

நாலு நாள் அந்த அறையில் இருந்தார்கள். அபேரத்னவின் மனைவி சோறு ஆக்கி அனுப்பினாள். பிறகு போலீஸ் லாரி வந்து முகாமுக்குக் கொண்டுபோனது, அங்கிருந்துதான் கப்பல். லாரியில் ஏறும்போது பழனிவேல் அவர் கையைப் பிடித்தான். காதோரம் கட்டுப் போட்டிருந்த அபேரத்ன, தோளை எப்படி வைத்து முட்ட வேண்டும் என்று இன்னும் உனக்கு வரவில்லை என்று சொன்னாராம்.

ராசாங்கம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நான் ஒரு ஆளுகிட்டச் சொல்லியனுப்பினேன்" என்றார். "அது அவருக்குப் போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சுண்ணே. என்னயக் கூப்புட்டுச் சொன்னாரு. உங்க அண்ணன் சொல்றதுல நியாயம் இருக்கு, எலும்பு நல்லாக் கூடுற வரைக்கும் வெளிய உக்காருன்னு."

"கோவப்படலியா?"

"இல்லண்ணே. ஆர்டன்வேலி ஆட்டத்த இந்தியாவுலயும் கேக்குறாங்களான்னு கேட்டாரு. கேக்குறாங்கன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சுக்கிட்டிருந்தாரு."

ராசாங்கம் எழுந்து வாசலுக்குப் போனார். ஜெகதாம்பாள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். அவர் தெருவைப் பார்த்தபடி கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். தெருவில் யாரும் இல்லை.

8

நன்றி சொல்வது எப்படி என்று ராசாங்கத்துக்குத் தெரியவில்லை. அதை எப்படி எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை.

ஜெகதாம்பாள் ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். இங்கிருந்து போகும் தமிழ்க் கடிதம் அந்த மனிதருக்கு வம்பை இழுத்துவிட்டால் என்ன செய்வது என்று பழனிவேல் தடுத்தான். அது நியாயம்தான். ராசாங்கம் தம்பியை அழைத்துக்கொண்டு அரியலூருக்கு வந்தார். வைத்திலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னதுதான் சரிண்ணே" என்றார். வைத்திலிங்கம் வெட்கப்பட்டார். நல்லுசாமியிடம் போய், "நீங்க சொன்னதும் சரிதாங்க" என்றார். அபேரத்னவுக்குச் சேர வேண்டிய நன்றியை, அவருக்காகப் பேசியவர்களிடம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பாராதது.

வைத்திலிங்கம் பழனிவேலிடம் ஆசையாகக் கேட்டார்: "ஆமா தம்பி, அபேரத்ன பயிற்சி குடுக்குறது எப்புடி? நல்லா இருக்குமா?"

பழனிவேல் உள்ளதைச் சொன்னான். "மனுசன் தங்கம்ண்ணே. ஆனா கோச்சு இல்ல. ஆட்டம் அவருக்குச் சரியாத் தெரியாது. பொஸ்தகத்தப் பாத்துத்தான் சொல்லிக் குடுப்பாரு. எதிரி எந்தப் பக்கம் வர்றான்னு பாக்கத் தெரியாது. அந்த ஒம்பது ஒம்பதுகூட மழையிலதான் வந்துச்சு. அன்னிக்கு ரெண்டு டீமுக்கும் ஓட முடியல."

"யாருடா கோச்சு இல்ல?"

கடை திரும்பிப் பார்த்தது. ராசாங்கம் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"லயத்துப் பயல மனுசனா மதிச்சு உள்ள எறக்கினாரு. ஒம்பது பசங்கள வாசல்ல குந்த வெச்சாரு, ஒருத்தன் எந்திரிச்சு ஓடல. அது பயிற்சி இல்லாம என்னடா? யாருக்கு வரும் அது?"

"அண்ணே, நான் ஆட்டத்தச் சொல்றேன்."

"நானும் ஆட்டத்தத்தான் சொல்றேன்."

மூன்று வருடம் அந்த மனிதரை ஏசியவர், அவரால் உயிர் பிழைத்து வந்த தம்பியிடம், அவருக்காகச் சண்டை போட்டார். அன்று இருவரும் ஒரே பஸ்ஸில் பெரம்பலூர் போனார்கள், வேறு வேறு சீட்டில்.

9

முடிவுக்கு மூன்று வரைவு வைத்திருந்தேன்.

ஒன்றில் அபேரத்ன ஒரு நாள் பெரம்பலூர் பஸ் நிலையத்தில் வந்து இறங்குகிறார். (அவர் வரவில்லை.) இன்னொன்றில் பழனிவேல் செந்துறைச் சாலையில் ஒரு தரிசு நிலத்தில் பையன்களுக்கு ரகர் சொல்லிக்கொடுக்கிறான். (அவன் லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். பந்தைத் தொடும் எண்ணமே அவனுக்கு இல்லை.) மூன்றாவதில் ராசாங்கம் கப்பலேறிப் போய்...

வேண்டாம். நான் கடைசியாகப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

1984, ரகர் மாதங்கள் மறுபடி வந்தன. கிளப் இருக்கிறதா, எரிந்துபோயிற்றா என்று யாருக்கும் தெரியாது. முதல் சில வாரம் ஆர்டன்வேலி என்ற பெயரே வரவில்லை. ராசாங்கம் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். தம்பியும் கூட வந்தான். கோபம் தீர்ந்திருந்தது, சண்டை தீரவில்லை.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, ரேடியோவில் ஏதேதோ பெயர்களுக்கு நடுவே அந்தப் பெயர் வந்தது. எதிரணிக்கு நாற்பத்தொன்று. ஆர்டன்வேலிக்கு மூன்று.

பழனிவேல் நெற்றியில் அடித்துக்கொண்டான். "பாத்தியாண்ணே? அதே தப்பத்தான் பண்றாரு. ஓரத்துல ஆள் வுடாம நடுவுலயே குமிச்சு வெச்சிருப்பாரு."

"ஒரு ரெண்டு வருசம் குடு தம்பி" என்றார் வைத்திலிங்கம். "புதுசா மொதல்லேருந்து கட்டணும்ல."

ராசாங்கத்தைப் பார்த்தேன். அவர் முகம் கழுவிவிட்டதைப் போல இருந்தது.

"ஆடியிருக்காங்க" என்றார். "பதினஞ்சு பேரு எறங்கியிருக்காங்க."

பிறகு நல்லுசாமியிடம், "எல்லாருக்கும் டீ போடுங்க" என்றார். எனக்கும் ஒன்று வந்தது. இந்தக் கதைக்காக எனக்குக் கிடைத்த சன்மானம் அதுதான். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை.

இன்னும் அபேரத்னதான் கோச்சா, அவர் காது ஆறியதா, அவர் மேல் வம்பு ஏதும் வந்ததா என்று வானொலி சொல்லவில்லை. அது இரண்டு பெயரும் இரண்டு எண்ணும்தான் சொல்லும். நான்கு வருடத்தில் ஒரு ஆட்டமும் ஜெயிக்காத கோச்சு அவர். ஒன்றே ஒன்று சமன், அதுவும் மழையால். இது ஒரு பக்கம். மறுபக்கத்தை நீங்கள் படித்துவிட்டீர்கள்.

ஆகவே தீர்ப்பை நான் எழுதாமல் விடுகிறேன். பெஞ்சில் நகர்ந்து உங்களுக்கு இடம் கொடுக்கிறார்கள், உட்காருங்கள். நல்லுசாமி டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்பார், அவர் நல்ல கோச்சா இல்லையா என்று. மனதில் பட்டதைச் சொல்லுங்கள். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், ராசாங்கம் உங்களுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.